கோப்பு எந்த நிலையில் நிற்கிறது? சொந்த சர்வரில் பதிவேற்றம் தடைபட்டால் கண்டறிந்து சரிசெய்யும் முழுமையான வழிகாட்டி

கண்டனூர் ஆச்சி ஒரு மாலை அழைத்தார். "தம்பி, ஐயா கல்யாணப் படத்தை ஏழு தடவை அனுப்பிவிட்டேன். சக்கரம் சுற்றுகிறது, கொஞ்ச நேரத்தில் நின்றுவிடுகிறது. படம் உன்னிடம் வந்து சேர்ந்ததா?" ஒரு தடவைகூட வந்து சேரவில்லை. எண்பது வயதைத் தாண்டியவர் கைப்பேசியை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் போராடியிருக்கிறார். படத்தின் அளவு 4 எம்பி. என் சர்வரோ 1 எம்பிக்கு மேல் எதையும் உள்ளே விடாத இயல்பு அமைப்பிலேயே இருந்தது. அன்று இரவு உட்கார்ந்து தொடங்கிய வேலையில் கற்றவற்றையும், அதன்பிறகு வந்த ஒவ்வொரு சிக்கலிலும் தெரிந்துகொண்டவற்றையும் வரிசையாக எழுதுகிறேன்.

காரைக்குடியில் எங்கள் பழைய வீட்டின் இரண்டாம் கட்டில் உள்ளங்கை அளவுக் கணினி ஒன்று இயங்குகிறது. டெபியன் லினக்ஸ், வலைக் கோரிக்கைகளை வாங்கும் என்ஜின்எக்ஸ், நிரலை ஓட்டும் பிஹெச்பி, ஒரு வெளி ஹார்ட் டிஸ்க், அவ்வளவுதான். பர்மாவிலும் மலாயாவிலும் கடை வைத்திருந்த காலத்துப் பேரேடுகள், இசைகுடிமானங்கள் (எங்கள் பக்கத்துத் திருமண ஒப்பந்தங்கள்), கடிதங்கள், படங்கள் எல்லாவற்றையும் பங்காளிகள் அவரவர் ஊரில் இருந்தே ஸ்கேன் செய்து அதில் சேர்க்கிறார்கள். கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் ஒற்றை ஆளாகச் சேர்த்த நூல்களும் அழைப்பிதழ்களும் துண்டுப் பிரசுரங்களும்தான் 1994-இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயின. நம் வீட்டுப் பெட்டகத்தில் இருப்பதைக் கரையான் தின்பதற்குள் நாமும் காப்பாற்ற வேண்டும் என்ற எண்ணம் அங்கிருந்து வந்ததுதான். அனுப்புபவருக்கு முதல் முயற்சி தோற்றால் இரண்டாவது முறை மனம் வராது. அதனால் பதிவேற்றச் சிக்கலைச் சின்ன விஷயமாக நான் நினைப்பதில்லை.

படிக்கும் முன் ஒரு குறிப்பு. கட்டளைகளையும் அமைப்புச் சொற்களையும் ஒலிக்கும்படியே தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டச்சு செய்யும்போது அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்தில், நான் காட்டியுள்ள அடிக்கோடு, சாய்கோடு, புள்ளி மாறாமல் இடுங்கள்.

வீட்டின் நிலைகளைப் போல

எங்கள் பக்கத்து வீடுகளில் தலைவாசலில் நின்றால் முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று கொல்லை வரைக்கும் நிலைகள் ஒரே நேர்கோட்டில் தெரியும். ஒரு பெட்டகத்தைக் கடைசிக் கட்டுவரை கொண்டுபோக வேண்டுமானால் எல்லா நிலைகளிலும் அது நுழைய வேண்டும். தலைவாசல் எவ்வளவு அகலமாக இருந்தாலும், இடையில் உள்ள குறுகலான நிலைதான் அளவைத் தீர்மானிக்கும்.

கோப்பும் அப்படித்தான் போகிறது. அனுப்புபவரின் பிரவுசர், அவருடைய இணைய இணைப்பு, வெளியே இருந்து வருவதை வீட்டுக் கணினிக்குக் கொண்டுவரும் சுரங்க இணைப்புச் சேவை, என்ஜின்எக்ஸ், பிஹெச்பி, தற்காலிகக் கோப்புறை, உங்கள் நிரல், கடைசியாக ஹார்ட் டிஸ்க். ஒவ்வொரு நிலைக்கும் தனித்தனி அளவு உண்டு. இணையத்தில் தேடினால் கிடைக்கும் ஆலோசனைகளில் பாதி, எல்லா அளவையும் கண்ணை மூடிக்கொண்டு பெரிதாக்கச் சொல்கின்றன. அதை நான் ஏற்பதில்லை. எந்த நிலையில் நிற்கிறது என்று தெரியாமல் நான்கு கதவுகளை உடைத்தால், ஐந்தாவது கதவுதான் பூட்டியிருந்தது என்று பிறகு தெரியவரும். உடைத்த நான்கும் திறந்தபடியே கிடக்கும்.

முதல் படி: அனுப்பியவரிடம் ஐந்து கேள்விகள்

கோப்பின் அளவு என்ன? எந்த வகை? எவ்வளவு நேரம் கழித்து நின்றது? திரையில் என்ன எழுதியிருந்தது? வீட்டு வைஃபையா, மொபைல் டேட்டாவா? இந்த ஐந்துக்கும் பதில் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. உடனே நின்றால் பெரும்பாலும் அளவு அல்லது அனுமதி. ஏறத்தாழ ஒரு நிமிடம் கழித்து நின்றால் நேர வரம்பு. ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் நின்றால் இணைப்பு. முழுவதும் ஏறிவிட்டதாகக் காட்டிய பிறகு கோப்பு இல்லை என்றால் நிரல் அல்லது ஹார்ட் டிஸ்க்.

திரையில் தெரிந்ததை மட்டும் முழுதாக நம்ப வேண்டாம். அளவு மீறினால் என்ஜின்எக்ஸ் 413 என்ற எண்ணை அனுப்பிவிட்டு இணைப்பை மூடும். பிரவுசர் அப்போதும் கோப்பை அனுப்பிக்கொண்டிருப்பதால் அந்தப் பதிலைப் படிக்காமல், இணைப்பு அறுந்தது என்று மட்டும் காட்டக்கூடும். ஆச்சிக்குச் சக்கரம் நின்றுபோனது இதனால்தான்.

இரண்டாம் படி: லாக் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு மறுபடி முயலுங்கள்

சர்வர் நடப்பதை வரி வரியாக எழுதிவைக்கும் பதிவேடுதான் லாக். கட்டளை இடும் முனையச் சாளரங்கள் இரண்டைத் திறவுங்கள். ஒன்றில் டெயில் -எஃப் கட்டளையால் /வார்/லாக்/என்ஜின்எக்ஸ்/எரர்.லாக் ஓடட்டும். மற்றொன்றில் அதே கோப்புறையில் உள்ள ஆக்செஸ்.லாக் ஓடட்டும். பிறகு நீங்களே ஒரு கோப்பை அனுப்புங்கள். அந்த நொடியில் வரும் வரிதான் சாட்சி.

ஆக்செஸ் லாகில் வரும் எண்களை நான் இப்படிப் படிக்கிறேன். 413 என்றால் அளவு. 408 என்றால் அனுப்பும் பக்கம் பேச்சை நிறுத்திவிட்டது, சர்வர் காத்திருந்து ஓய்ந்தது. 499 என்றால் அனுப்புபவரே பக்கத்தை மூடிவிட்டார் அல்லது அவர் இணைப்பு போய்விட்டது. 500 என்றால் உள்ளே பிழை, எரர் லாகில் காரணம் இருக்கும். 502 என்றால் பிஹெச்பி இயங்கவில்லை அல்லது நடுவில் இறந்துவிட்டது. 504 என்றால் பிஹெச்பி பதில் சொல்ல நேரமாகிவிட்டது. எல்லாவற்றிலும் ஏமாற்றுவது 200. எல்லாம் நலம் என்று பதில் போயிருக்கும், கோப்பு மட்டும் இருக்காது. ஐந்தாம் படியில் அதற்கு வருகிறேன்.

இரண்டு லாகிலும் ஒரு வரிகூட வரவில்லையா? அப்படியானால் கோப்பு உங்கள் வீட்டுத் தலைவாசலுக்கே வரவில்லை. சர்வரைத் தொடாமல் நேராக ஒன்பதாம் படிக்குப் போங்கள்.

மூன்றாம் படி: அளந்து செய்த சோதனைக் கோப்புகள்

எனக்கு மிக அதிகமாக நேரத்தை மிச்சப்படுத்திய படி இது. ஆச்சியின் படம், அண்ணனின் பேரேடு என்று கிடைத்ததை வைத்துச் சோதிக்காமல், அளவு தெரிந்த கோப்புகளைச் செய்துகொள்ளுங்கள். ட்ரங்கேட் -எஸ் என்று இட்டு, அளவையும் பெயரையும் கொடுத்தால் நொடியில் கிடைக்கும். நான் வைத்திருப்பவை ஐந்து: அரை எம்பி, ஒன்றரை எம்பி, 3 எம்பி, 9 எம்பி, 120 எம்பி.

இந்த அளவுகளைக் காரணத்தோடுதான் தேர்ந்தெடுத்தேன். என்ஜின்எக்ஸின் இயல்பு வரம்பு 1 எம்பி. பிஹெச்பியில் ஒரு கோப்புக்கு இயல்பு வரம்பு 2 எம்பி. ஒரு படிவம் முழுவதற்கும் 8 எம்பி. சுரங்க இணைப்பு தரும் கிளவுட்ஃப்ளேரின் இலவசத் திட்டத்தில் ஒரு கோரிக்கைக்கு 100 எம்பி. ஆகவே அரை எம்பி ஏறி, ஒன்றரை எம்பி நின்றால் என்ஜின்எக்ஸ். ஒன்றரை ஏறி 3 நின்றால் பிஹெச்பியின் கோப்பு வரம்பு. 3 ஏறி 9 நின்றால் படிவ வரம்பு. 9 ஏறி 120 மட்டும் வெளியே இருந்து நின்றால் சுரங்க இணைப்பு. அரை எம்பியே ஏறவில்லை என்றால், அளவு எண்ணைத் தவறாக எழுதவில்லை என்று மட்டும் உறுதிசெய்துகொண்டு, ஆறாம் படியிலிருந்து அனுமதி, இடம், படிவம் ஆகியவற்றைப் பாருங்கள்.

முதலில் வீட்டுக்குள்ளிருந்தே, சர்வரின் உள்முகவரிக்கு கர்ல் கட்டளையால் அனுப்புங்கள். பெரிய எழுத்து எஃப் கொண்ட -எஃப் விருப்பம் படிவத்தைப் போலவே கோப்பை அனுப்பும், சிறிய எழுத்து -ஐ விருப்பத்தையும் சேர்த்தால் பதில் எண்ணையும் காட்டும். அது ஏறினால், பிறகு வெளியே இருந்து மொபைல் டேட்டாவில் அனுப்பிப் பாருங்கள்.

நான்காம் படி: என்ஜின்எக்ஸ்

எரர் லாகில் "கிளையன்ட் இன்டெண்டட் டு சென்ட் டூ லார்ஜ் பாடி" என்று தொடங்கும் வரியும், அதன் பின்னால் பைட் எண்ணிக்கையும் இருந்தால் சந்தேகமே இல்லை. அனுப்ப வந்த பொருள் வாசலைவிடப் பெரியது என்கிறது. மாற்ற வேண்டியது கிளையன்ட்_மேக்ஸ்_பாடி_சைஸ். 64எம் என்று இடுங்கள். 0 என்று இட்டால் வரம்பே இருக்காது. இணையத்தைப் பார்த்த சர்வரில் அப்படி விடாதீர்கள், யார் வேண்டுமானாலும் உங்கள் டிஸ்க்கை நிரப்பலாம்.

இங்கே பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. இந்தச் சொல்லை மூன்று மட்டங்களில் எழுதலாம்: ஹெச்டிடிபி, சர்வர், லொகேஷன். உள்மட்டத்தில் எழுதியது வெளிமட்டத்தை மீறும். 80-ஆம் எண் போர்ட்டுக்கான சர்வர் பகுதியில் 64எம் என்று எழுதிவிட்டு, 443-இல் இயங்கும் பாதுகாப்பான பகுதியை மறந்தால், மாற்றம் எங்கும் தெரியாது. என்ஜின்எக்ஸ் -டி என்பதைப் பெரிய எழுத்து டி கொண்டு இயக்கினால் எல்லா அமைப்புக் கோப்புகளையும் ஒரே நீளமாக அச்சிடும். அதில் அந்தச் சொல் எத்தனை இடத்தில் இருக்கிறது என்று எண்ணுங்கள். மாற்றிய பின் சிறிய டி கொண்டு சரிபார்த்து, பிறகு ரீலோட் செய்யுங்கள்.

அபாச்சி வைத்திருப்பவர்கள் லிமிட்ரிக்வெஸ்ட்பாடி என்ற சொல்லைப் பாருங்கள். 2.4.53 பதிப்பு வரை அதற்கு இயல்பில் வரம்பு இல்லை. அதற்குப் பிந்தையவற்றில் 1 ஜிபி. மாட்செக்யூரிட்டி என்ற காவல் தொகுதி இருந்தால் அதற்கும் தனி வரம்பு உண்டு, அதன் லாகையும் பாருங்கள்.

ஐந்தாம் படி: பிஹெச்பி

இங்கே இரண்டு எண்கள் ஒன்றாக வேலை செய்கின்றன. அப்லோட்_மேக்ஸ்_ஃபைல்சைஸ் என்பது ஒரு கோப்புக்கு. போஸ்ட்_மேக்ஸ்_சைஸ் என்பது படிவத்தில் உள்ள எல்லாம் சேர்ந்து. இரண்டாவது எப்போதும் முதலாவதைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். ஒரு தடவையில் பத்துப் படம் அனுப்ப அனுமதித்தால் பத்தும் சேர்ந்து அதற்குள் அடங்க வேண்டும். மேக்ஸ்_ஃபைல்_அப்லோட்ஸ் என்ற மூன்றாவது எண்ணின் இயல்பு மதிப்பு 20. இருபத்தொன்றாவது படம் சத்தமில்லாமல் விடுபட்டுப்போகும். திருமண ஆல்பத்தை மொத்தமாக அனுப்பிய உறவினர் ஒருவருக்கு அப்படித்தான் ஆனது, எண்ணிப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

ஒரு கோப்பின் வரம்பை மீறினால் பிஹெச்பி முறையாகப் பிழை எண் கொடுக்கும். படிவ வரம்பை மீறினால் கோப்புப் பட்டியலும் படிவப் பட்டியலும் இரண்டும் காலியாக வரும். நிரல் அதைச் சோதிக்காவிட்டால், யாரும் எதுவும் அனுப்பவில்லை என்று எண்ணிக்கொண்டு 200 பதில் கொடுத்துவிடும். பிஹெச்பி லாகில் மட்டும், 9437184 பைட் வந்தது, 8388608 என்ற வரம்பை மீறியது என்ற பொருளில் ஓர் எச்சரிக்கை இருக்கும். 8388608 என்ற எண்ணை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அது 8 எம்பி, தொடாத இயல்பு மதிப்பு.

என் கையாலேயே நேர்ந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆச்சி அழைத்த இரவில் அவசரமாக இரண்டு எண்களையும் 64எம்பி என்று எழுதினேன். கடைசியில் எம் மட்டும் போதும் என்பதைக் கவனிக்கவில்லை. பிஹெச்பி கடைசி எழுத்தைத்தான் பார்க்கிறது. அது எம் என்றால் மெகா, ஜி என்றால் கிகா, கே என்றால் கிலோ. பி என்பது அதற்குத் தெரியாத எழுத்து, ஆகவே வெறும் 64 என்று எடுத்துக்கொள்கிறது. 64 பைட்! அரை எம்பிகூட ஏறாமல் நின்றது. ஒன்றரை மணி நேரம் அனுமதிகளைத் தோண்டிக்கொண்டிருந்தேன். 8.2 பதிப்பிலிருந்து பிஹெச்பி இதற்கு எச்சரிக்கை தருகிறது, லாகைப் பார்ப்பவர்களுக்கு அது பயன்படும்.

மாற்றியும் மாறவில்லை என்றால், தவறான கோப்பை மாற்றியிருக்கிறீர்கள். பிஹெச்பிக்கு முனையத்தில் ஓட ஒரு அமைப்புக் கோப்பு, வலையில் ஓட வேறொன்று. டெபியன் 12-இல் வலைக்கு உரியது /இடிசி/பிஹெச்பி/8.2/எஃப்பிஎம்/பிஹெச்பி.ஐஎன்ஐ. பிஹெச்பிஇன்ஃபோ என்ற ஒற்றை வரியைக் கொண்ட பக்கத்தைத் தற்காலிகமாக வைத்து பிரவுசரில் திறந்தால், எந்தக் கோப்பு ஏற்றப்பட்டிருக்கிறது, நடப்பு மதிப்பு என்ன என்று இரண்டும் தெரியும். அங்கே சரியான கோப்பே காட்டினாலும் மதிப்பு பழையதாக இருந்தால், வலைக்காக பிஹெச்பியை இயக்கும் எஃப்பிஎம் சேவையின் பூல் அமைப்புக் கோப்பில் யாரோ மேலெழுதியிருக்கிறார்கள், அல்லது அந்தச் சேவையை மறுபடி தொடங்க மறந்துவிட்டீர்கள். பார்த்து முடித்ததும் அந்தப் பக்கத்தை அழித்துவிடுங்கள். சர்வரின் முழு ஜாதகமும் அதில் இருக்கிறது.

நிரலில் பிழை எண்ணைப் பதிவு செய்யுங்கள். 1 என்றால் கோப்பு வரம்பு, 2 என்றால் படிவத்திலேயே எழுதிய வரம்பு, 3 என்றால் பாதிதான் வந்தது, 4 என்றால் கோப்பே தேர்ந்தெடுக்கவில்லை, 6 என்றால் தற்காலிகக் கோப்புறை இல்லை, 7 என்றால் டிஸ்க்கில் எழுத முடியவில்லை, 8 என்றால் ஏதோ ஒரு நீட்சி தடுத்துவிட்டது. 5 என்ற எண் கிடையாது. இந்த எண்களை அனுப்புபவருக்குப் புரியும் தமிழில் காட்டுங்கள். "படம் அனுமதித்த அளவைவிடப் பெரியது" என்று திரையில் வந்திருந்தால் ஆச்சி ஏழு தடவை முயன்றிருக்க மாட்டார்.

ஆறாம் படி: படிவம்

சிறியதுதான், ஆனால் எதுவுமே ஏறாதபோது முதலில் பார்க்க வேண்டியது. படிவக் குறியில் என்க்டைப் என்பதற்கு மல்டிபார்ட்/ஃபார்ம்-டேட்டா என்று இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கோப்பின் பெயர் மட்டும் போகும், கோப்பு போகாது. கோப்பைத் தேர்ந்தெடுக்கும் பெட்டிக்கு நேம் இருக்க வேண்டும். பல கோப்புகளைச் சேர்த்து அனுப்பினால் அந்தப் பெயரின் இறுதியில் சதுர அடைப்பு வேண்டும், இல்லாவிட்டால் கடைசிக் கோப்பு மட்டும் மிஞ்சும்.

ஏழாம் படி: தற்காலிகக் கோப்புறையும் டிஸ்க்கும்

கோப்பு ஏறும்போது என்ஜின்எக்ஸ் அதைத் தன் தற்காலிக இடத்தில் வாங்கி வைக்கிறது. டெபியனில் அது /வார்/லிப்/என்ஜின்எக்ஸ்/பாடி. பிறகு பிஹெச்பி தன் பங்குக்கு /டிஎம்பி-இல் ஒரு பிரதி வைக்கிறது. நிரல் அதை எடுத்து உரிய இடத்துக்கு மாற்றாவிட்டால், நிரல் முடிந்ததும் பிஹெச்பியே அழித்துவிடும். ஆக 120 எம்பி கோப்பு ஏறும் நேரத்தில் இரு மடங்கு இடம் பிடிக்கும். சில கணினிகளில் /டிஎம்பி நினைவகத்திலேயே அமைந்திருக்கும், வழக்கமாக மொத்த நினைவகத்தில் பாதி. 2 ஜிபி நினைவகம் உள்ள சிறு கணினியில் நான்கைந்து பேர் ஒரே நேரத்தில் பெரிய கோப்பு அனுப்பினால் மூச்சுத் திணறும். அப்லோட்_டிஎம்பி_டிர் என்பதை டிஸ்க்கில் உள்ள ஒரு கோப்புறைக்கு மாற்றுங்கள்.

டிஎஃப் -ஹெச் இடத்தைக் காட்டும், டிஎஃப் -ஐ ஐநோடுகளை, அதாவது கோப்பு ஒன்றுக்கு ஒன்று தேவைப்படும் பதிவுகளை, காட்டும். இடம் இருந்தும் ஐநோடு தீர்ந்துபோனால் புதிய கோப்பு ஏறாது. சின்னச் சின்னத் தற்காலிகக் கோப்புகள் லட்சக்கணக்கில் குவிந்த சர்வரில் இப்படி ஆகும்.

இனி மின்வெட்டுக் கதை. ஒரு நாள் மதியம் மின்சாரம் போய் வந்தது. கணினி தானாக எழுந்துவிட்டது, வெளி ஹார்ட் டிஸ்க் எழச் சற்று நேரமானது. டிஸ்க்கை இணைக்க வேண்டிய /எஸ்ஆர்வி/பெட்டகம் என்ற கோப்புறை வெறும் கோப்புறையாக அப்படியே இருந்தது. அனுப்பியவர்களுக்கு எல்லாம் சரியாகவே ஏறியது, கோப்புகள் மட்டும் கணினியின் மெமரி கார்டில் போய் உட்கார்ந்தன. மூன்றாம் நாள் கார்டு நிரம்பி, பிழை எண் 7 வரத் தொடங்கியது. நான் டிஸ்க்கைக் கையால் இணைத்தேன். பழையவை எல்லாம் தெரிந்தன, அந்த மூன்று நாள் அனுப்பியவை மறைந்துவிட்டன. சிங்கப்பூர் அண்ணன் பதறிப்போய், "தம்பி, நான் அனுப்பிய ரங்கூன் பேரேடு எங்கே? மூலத்தை மடித்து உள்ளே வைத்துவிட்டேன், இனி விரித்தால் கிழியும்" என்றார். அவை அழியவில்லை. இணைத்த டிஸ்க்குக்கு அடியில், கார்டில் மறைந்திருந்தன. அன்மவுண்ட் செய்ததும் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. பேரேட்டின் முதல் பக்கத்தை, பிள்ளையார் சுழியோடு திரையில் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

அன்றிலிருந்து மூன்று காரியம் செய்திருக்கிறேன். நீங்களும் செய்யுங்கள். டிஸ்க் இணைக்கப்படாத நிலையில், அந்த வெறும் கோப்புறைக்கு சிஹெச்ஏடிடிஆர் +ஐ கட்டளையால் பூட்டுப் போடுங்கள். அதில் ரூட் பயனரும் எழுத முடியாது, டிஸ்க் இணைந்ததும் பூட்டு தடையாக இருக்காது. நிரல் எழுதும் முன் டிஸ்க்கின் வேரில் ஓர் அடையாளக் கோப்பு இருக்கிறதா என்று பார்க்கட்டும், இல்லை என்றால் மறுக்கட்டும். கணினிக்கும் டிஸ்க்குக்கும் ஒரு சிறிய யுபிஎஸ் வாங்குங்கள். யுஎஸ்பி வழியே மட்டும் மின்சாரம் எடுக்கும் டிஸ்க், மின்னழுத்தம் குறைந்தால் நடுவில் அறுந்து, கோப்பு முறைமை படிக்க மட்டும் என்ற நிலைக்குப் போய்விடும். டிஎம்இஎஸ்ஜி கட்டளையின் கடைசி வரிகளில் அது தெரியும்.

எட்டாம் படி: அனுமதிகள்

டெபியனில் வலைச் சேவைகள் டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா என்ற பயனராக இயங்குகின்றன. அந்தப் பயனராகவே ஒரு கோப்பை உண்டாக்க முயலுங்கள்: சூடோ -யூ, பயனர் பெயர், டச், முழுப் பாதை. அது முடிந்தால் அனுமதி சரி. முடியாவிட்டால் நேம்ஐ -எல் என்று முழுப் பாதையையும் கொடுங்கள். வேரிலிருந்து ஒவ்வொரு கோப்புறையின் உரிமையாளரும் அனுமதியும் வரிசையாகத் தெரியும். கடைசிக் கோப்புறை மட்டும் திறந்திருந்தால் போதாது, வழியில் உள்ள எல்லாவற்றிலும் நுழையும் அனுமதி வேண்டும். டெஸ்க்டாப் சூழல் தானாக இணைக்கும் டிஸ்க், /மீடியா-வின் கீழ் அந்தப் பயனருக்கு மட்டுமே திறந்திருக்கும். அங்கே வலைச் சேவை நுழையாது. டிஸ்க்கை எஃப்எஸ்டேப் வழியாக நிலையான இடத்தில் இணையுங்கள்.

777 போட்டுவிடுங்கள் என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். அது யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று தலைவாசலை விரியத் திறந்து வைப்பது. உரிமையாளரை மாற்றி, கோப்புறைக்கு 750 கொடுத்தால் போதும்.

விண்டோஸ் கணினியில் பயன்படுத்திய டிஸ்க்கை அப்படியே மாட்டியிருந்தால் உரிமையாளரை மாற்றும் சிஹெச்ஓடபிள்யூஎன் கட்டளை மறுக்கும். எக்ஸ்ஃபேட் வடிவத்துக்கு லினக்ஸின் உரிமையாளர், அனுமதி என்பவை தெரியாது. இணைக்கும்போதே யுஐடி=33, ஜிஐடி=33 என்று சொல்லுங்கள், டெபியனில் அந்த வலைப் பயனரின் எண் அது. முடிந்தால் தரவைப் பிரதி எடுத்துவிட்டு டிஸ்க்கை இஎக்ஸ்டி4 வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள்.

ஒன்பதாம் படி: இணைப்பும் நேரமும்

லாகில் எதுவும் வராதவர்கள் இங்கே கவனியுங்கள். வீட்டு பிராட்பேண்ட் பலவற்றில் பொது ஐபி முகவரியைப் பலருக்கும் பகிர்ந்து கொடுக்கிறார்கள், வெளியே இருந்து நேராக உங்கள் வீட்டுக் கணினிக்கு வர வழி இல்லை. அதற்காகத்தான் சுரங்க இணைப்பு. அதன் வரம்பை உங்கள் சர்வரில் மாற்ற முடியாது. 100 எம்பிக்கு மேல் அனுப்ப வேண்டும் என்றால் கோப்பைத் துண்டுகளாக்கி அனுப்பும் முறைக்கு மாறுங்கள். நெக்ஸ்ட்கிளவுட் போன்ற மென்பொருள்களில் அது உள்ளேயே இருக்கிறது.

எவ்வளவு பெரிய கோப்பு வரும் என்பதை முன்பே கணக்கிடலாம். ஏ4 பக்கம் ஒன்றை 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) வண்ணத்தில் சுருக்காமல் ஸ்கேன் செய்தால் 2480 பெருக்கல் 3508 புள்ளிகள், புள்ளிக்கு 3 பைட். இரண்டு கோடியே 61 லட்சம் பைட். அதையே 600 டிபிஐ ஆக்கினால் நான்கு மடங்கு, பத்துக் கோடியே 44 லட்சம். பேரேட்டு எழுத்துக்கு 300 போதும் என்பது என் அனுபவம். மங்கிய கடிதங்களுக்கு மட்டும் 600 கேட்கிறேன்.

அந்தப் பெரிய படத்துக்குச் சிறுபடம் செய்ய முயலும்போது இன்னொரு தடை வரும். விரித்த படத்துக்குப் புள்ளிக்கு 4 பைட் என்றால் பதின்மூன்று கோடியே 92 லட்சம் பைட் நினைவகம் வேண்டும். பிஹெச்பியின் மெமரி_லிமிட் இயல்பாக 128எம், அதாவது பதின்மூன்று கோடியே 42 லட்சம். பிஹெச்பியுடன் சேர்ந்து வரும் ஜிடி நூலகத்தில் இது அந்தக் கணக்கில் சேரும். ஏற்றம் முழுமையாக முடிந்து, கடைசியில் 500 வரும். சிறுபடம் செய்யும் வேலையைப் பதிவேற்றத்திலிருந்து பிரித்து இரவில் தனியாக ஓடவிடுங்கள்.

நேரத்தைப் பற்றி ஒரு தெளிவு. கிளையன்ட்_பாடி_டைம்அவுட் இயல்பாக 60 விநாடி. அது மொத்த நேரம் என்று பலர் நினைக்கிறார்கள். அடுத்தடுத்த இரண்டு துண்டுகளுக்கு இடையேயான காத்திருப்புதான் அது. மெதுவாக வந்தாலும் வந்துகொண்டே இருந்தால் அறுபடாது. 408 வந்தால் அந்தப் பக்கம் முழுதாக நின்றுபோயிருக்கிறது. சில இடங்களில் காரணம் எளியது. எங்கள் வீட்டுச் சுவர்கள் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டு இரண்டடிக்கு மேல் கனமானவை. முகப்பில் உள்ள ரூட்டரின் வைஃபை வளவைத் தாண்டுவதற்குள் தளர்ந்துவிடுகிறது. சர்வருக்குக் கேபிள் இழுத்த நாளிலிருந்து பாதியில் அறுந்தது என்ற பிழை எண் 3 வருவது ஏறக்குறைய நின்றுவிட்டது.

பத்தாம் படி: தமிழ்ப் பெயர்கள்

ஆங்கிலப் பெயருள்ள கோப்பு ஏறி, தமிழ்ப் பெயருள்ளது மட்டும் நின்றால் இரண்டு காரணங்களைப் பாருங்கள்.

முதலாவது நீளம். இஎக்ஸ்டி4 கோப்பு முறைமையில் பெயருக்கு 255 பைட் எல்லை. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட், தமிழ்க் குறி ஒன்றுக்கு மூன்று. காரைக்குடி என்ற சொல்லைப் பிரித்தால் க, கால், ர, ஐகாரக் குறி, க, புள்ளி, க, உகரக் குறி, ட, இகரக் குறி என்று பத்துக் குறிகள், 30 பைட். ஆக 85 குறிகளில் எல்லை முடிந்துவிடும். யாருடைய கல்யாணம், எந்த ஊர், யார் யார் நிற்கிறார்கள் என்று ஆசையோடு கோப்புக்கே பெயராக எழுதி அனுப்புகிறார்கள். அந்தத் தகவல் விலைமதிப்பில்லாதது, இழக்கவே கூடாது. கோப்பை எண்ணால் சேமித்து, அவர் எழுதிய முழுப் பெயரைத் தரவுத்தளத்தில் யுடிஎஃப்8எம்பி4 குறியாக்கத்தில் வையுங்கள். லத்தீன் குறியாக்கத்தில் வைத்தால் எல்லாம் கேள்விக்குறியாகிவிடும்.

இரண்டாவது கண்ணுக்குத் தெரியாதது. கொ என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: ககரத்தோடு ஒரே ஒகரக் குறி, அல்லது ககரத்தோடு கொம்பும் காலும் தனித்தனியாக. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். லினக்ஸுக்கு அவை வேறு வேறு பெயர்கள். பழைய மேக் கணினிகளிலிருந்து வரும் பெயர்கள் பிரிந்த வடிவில் வரும். ஒரே கோப்பு இரண்டு தடவை தெரிவதும், இருக்கும் கோப்பை இல்லை என்பதும் இதனால்தான். பிஹெச்பியின் ஐஎன்டிஎல் நீட்சியில் உள்ள நார்மலைசர் கொண்டு, பெயரை வாங்கிய உடனேயே சேர்ந்த வடிவுக்கு மாற்றிவிடுங்கள்.

பெயரில் சிக்கல் இல்லாமலும் ஐபோன் படங்கள் மட்டும் மறுக்கப்பட்டால், நிரல் ஜேபெக், பிஎன்ஜி இரண்டை மட்டும் ஏற்கிறதா என்று பாருங்கள். 2017-இல் வந்த ஐஓஎஸ் 11 முதல் அவற்றின் இயல்பு வடிவம் ஹெச்இஐசி. ஏற்கும் பட்டியலில் அதையும் சேருங்கள். வகையைத் தீர்மானிக்கும்போது பெயரின் வாலை நம்பாமல், கோப்பின் உள்ளடக்கத்தைப் பார்க்கும் எஃப்இன்ஃபோவைப் பயன்படுத்துங்கள்.

கடைசிப் படி: சரியானதை உறுதிசெய்தல்

பதிவேற்றக் கோப்புறை, வலையில் நேராகத் திறக்கும் கோப்புறைக்கு வெளியே இருக்கட்டும். வெளியே வைக்க முடியாவிட்டால் அந்தப் பாதையில் பிஹெச்பி ஓடாதபடி லொகேஷன் பகுதி ஒன்றை எழுதுங்கள், வணக்கம் என்று மட்டும் அச்சிடும் ஒரு நிரலை அங்கே வைத்துத் திறந்து, அது ஓடவில்லை என்று கண்ணால் பாருங்கள். சோதனைக்காகப் பெரிதாக்கிய எண்களில் தேவையற்றவற்றைப் பழைய நிலைக்குத் திருப்புங்கள். கணினியை மறுதொடக்கம் செய்து, டிஸ்க் தானாக இணைகிறதா என்று ஃபைண்ட்மவுண்ட் கட்டளையால் பார்த்துவிட்டு, ஐந்து சோதனைக் கோப்புகளையும் வெளியே இருந்து மறுபடி அனுப்புங்கள். இரு பக்கமும் எஸ்ஹெச்ஏ256சம் எடுத்து ஒப்பிடுங்கள். ஏறிவிட்டது என்று திரை சொல்வதைவிட அந்த 64 எழுத்துகள் ஒத்துப்போவது உறுதியான சாட்சி.

அதன்பிறகு, முதலில் தோற்றவரிடமே அதே கோப்பை, அதே கைப்பேசியிலிருந்து அனுப்பச் சொல்லுங்கள். மறுநாள் காலை கண்டனூருக்கு நான் அழைத்தபோது ஆச்சி சற்றுத் தயங்கினார். எட்டாவது தடவையாக அழுத்தினார். லாகில் 200 விழுந்தது. கோப்புறையைத் திறந்தேன். 4 எம்பி, சட்டமிட்ட பழைய படம், ஐயாவின் தோளில் ஜரிகைத் துண்டு தெளிவாகத் தெரிந்தது.